கரண்ட் போனால் கேட்கும் மீன்

கொளத்தூருக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் மீனைப் பார்க்க முடியாது. முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம். அதனால் நான் செவ்வாய், புதன் மதியம்தான் போவேன். ரிச்சி தெருவில் எங்கள் கடையில் அந்த நேரம் வேலை கொஞ்சம் மந்தம். 2023 கோடையில் அப்படிப் போன ஒரு மதியம், ஏஞ்சலும் கப்பியும் மினுக்கிக்கொண்டிருந்த தொட்டிகளுக்குக் கீழே, தரையோடு தரையாக இருந்த வரிசையில், ஒரு பிவிசி பைப்புத் துண்டுக்குள் கறுப்பாக ஏதோ சாய்ந்து படுத்திருந்தது. செத்துவிட்டதோ என்று நினைத்தேன். கடைப்பையன் கண்ணாடியைத் தட்டினான். அது பைப்புக்குள்ளிருந்து பின்பக்கமாக வந்தது. திரும்பவில்லை, வளையவில்லை. ரிவர்ஸ் கியர் போட்ட ஆட்டோ மாதிரி வந்து, வாலாலேயே வழி பார்த்து, அடுத்த பைப்புக்குள் நுழைந்துகொண்டது.

"பிளாக் கோஸ்ட்ணா. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க. ரெண்டு வுட்டா அடிச்சிக்கும்."

கத்தியைப் போலத் தட்டையான உடம்பு, முதுகில் துடுப்பே கிடையாது. வயிற்றோரம் முழுக்க ஒரே நீளத் துடுப்பு, காற்றில் ஆடும் புடவை முந்தானை மாதிரி அலையலையாக ஓடுகிறது. வாலில் இரண்டு வெள்ளை வளையம். கண் பெயருக்குத்தான் இருக்கிறது, ஒரு கடுகு அளவு. நம் ஏரிகளில் கிடைக்கும் சொட்டை வாளையைப் பார்த்தவர்களுக்கு 'அதேதானே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அது வேறு குடும்பம், இது வேறு குடும்பம். இது தென் அமெரிக்க ஆறுகளின் மீன். சொட்டை வாளைக்கு இல்லாத ஒன்று இதற்கு இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது: உடம்பில் மின்சாரம் செய்யும் உறுப்பு.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிபயர் ரிப்பேர். சபா, கல்யாண மண்டபம், கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்காரர் என்று எல்லா இடத்துப் பெட்டியும் என் மேஜைக்கு வரும். பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "ஹம் அடிக்குது சார்." நம் கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவதால் வருகிற அந்த 'ம்ம்ம்' ஓசையை விரட்டுவதிலேயே என் இருபத்திரண்டு வருடம் போயிருக்கிறது. அப்படிப்பட்டவன் வீட்டில், தானாகவே மின்சாரம் செய்யும் ஒரு மீன். சும்மா விடுவேனா?

ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிபயர் போர்டு ஒன்றை எடுத்தேன். நம் தெருவில் ஒரு டிபன் விலைக்குக் கிடைக்கிறது. தண்ணீருக்குள் செம்புக் கம்பி விடக் கூடாது, மீனுக்கு விஷம். அதனால் பழைய டார்ச் செல்கள் இரண்டை உடைத்து, நடுவில் இருக்கும் கார்பன் குச்சிகளை எடுத்துக் கழுவி, ஆளுக்கொரு வயரைக் கட்டித் தொட்டியின் இரண்டு ஓரத்திலும் தொங்கவிட்டேன். ஸ்பீக்கரைப் போட்டால், வந்தது என் பரம்பரை விரோதி. ஹம். ஃபில்டர் மோட்டாரை நிறுத்தினேன், டியூப்லைட்டை அணைத்தேன், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன் (இதற்காக வாங்கிய திட்டு தனிக் கதை). கடைசியில் மெயினையே இறக்கினேன். அப்போதும் பக்கத்து வீட்டு ஹம் சுவர் ஏறி வந்தது. அடியில் ஏதோ மெலிதாக இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அடுத்த வாரம் எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை வந்தது. காலை 9 மணிக்குத் தெருவே ஒரேயடியாக அமைதியானது. நான் கடைக்கு லேட்டாகப் போகலாம் என்று முடிவு செய்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

கூஊஊ.

தூர்தர்ஷனில் நிகழ்ச்சி தொடங்கும் முன் கலர் பட்டைகளோடு ஒரு ஓசை வருமே, கிட்டத்தட்ட அதேதான். ஆட்டமில்லை, நடுக்கமில்லை. மீன் பைப்புக்குள் அசையாமல் படுத்திருக்கிறது, ஓசை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. போனில் இருந்த டியூனரை வைத்துப் பார்த்தேன்: 970 ஹெர்ட்ஸ். நொடிக்குத் தொள்ளாயிரத்து எழுபது தடவை அந்தச் சின்ன உடம்பு மின்னைத் துடித்துக்கொண்டிருக்கிறது. பகல், இரவு, தூக்கம், விழிப்பு என்று பேதமில்லை. சாகிறவரை நிற்காது. மற்ற மின் மீன்கள் பலவற்றில் மின் உறுப்பு தசையிலிருந்து உருவானது. இந்தக் கோஸ்ட் குடும்பத்தில் மட்டும் முதுகுத்தண்டு நரம்புகளே மின் உறுப்பாகிவிட்டன. உயிருள்ளவற்றில் இதைவிடச் சீரான கடிகாரம் கிடையாது என்பார்கள். ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவரும் சில ஆசிலேட்டர்கள் இதன் முன் வெட்கப்பட வேண்டும்.

ஒன்று மட்டும் அதை அசைக்கும், தண்ணீரின் சூடு. 27 டிகிரியில் 970 பாடிய மீன், தண்ணீர் இரண்டரை டிகிரி ஏறிய ஒரு மே மாத மதியத்தில் 1,090 பாடியது. சங்கீதம் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம். அக்னி நட்சத்திரத்தில் சுருதி ஏறாமல் இருக்க அது என்ன சுருதிப்பெட்டியா?

இந்த மின்சாரம் எதற்கு? இந்தக் கேள்வி பழையது. 1859-இல் டார்வின், மீன்களின் மின் உறுப்பைத் தன் கொள்கைக்குத் தனிச் சங்கடம் தருகிற விஷயமாகவே எழுதினார். எதிரியை அடித்துப்போடும் அளவுக்குப் பலமான மின்சாரம் என்றால் புரிகிறது; கையை விட்டாலும் நமக்கு உணராத இந்த மெலிந்த மின்சாரத்தால் என்ன பயன்? 1951-இல் கேம்பிரிட்ஜின் ஹான்ஸ் லிஸ்மன், ஜிம்னார்க்கஸ் என்ற ஆப்பிரிக்க மீன் வாலிலிருந்து இடைவிடாமல் மின் துடிப்பு விடுகிறது என்று எழுதினார். அதுவும் பின்பக்கமாக நீந்தி எதிலும் இடிக்காமல் போகிற மீன்தான். தலை சீவிய சீப்பைத் தொட்டிக்கு வெளியே ஆட்டினால்கூட அதற்குத் தெரிந்துவிடுமாம். அவரும் அவருடன் வேலை செய்தவரும் 1958-இல் முழுக் கதையையும் சொன்னார்கள்: மீன் தன்னைச் சுற்றி ஒரு மின்புலத்தை விரித்து வைக்கிறது, அதில் கல், செடி, புழு எது வந்தாலும் புலம் கொஞ்சம் கோணுகிறது, தோல் முழுக்க இருக்கும் உணர்விகள் அந்தக் கோணலைப் படிக்கின்றன. கலங்கிய தண்ணீரில், கும்மிருட்டில், உடம்பே கண்.

சரி, இதுவரை டார்ச் லைட் கதை. எனக்கு அதற்கு மேல் உள்ளதுதான் பிடித்தது. இருட்டில் நீங்கள் டார்ச் அடித்தால் உங்களுக்கு வழி தெரியும். அப்புறம், நீங்கள் இருப்பது ஊருக்கே தெரியும். அப்படித் தெரிவதையே மீன்கள் பேச்சாக்கிக்கொண்டன.

1972-இல் கார்ல் ஹாப்கின்ஸ் என்பவர் கயானாவின் ஓடைகளில் ஸ்டெர்னோபைகஸ் என்ற மீன்களிடம் காது கொடுத்துக் கேட்டதை எழுதினார். அதில் ஆணுக்குக் கீழ்ச்சுருதி, 50 முதல் 90 ஹெர்ட்ஸ். பெண்ணுக்கு மேல்சுருதி, 100 முதல் 150. பாகவதர் கட்டை, பாகவதரம்மா கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். (50 ஹெர்ட்ஸில் ஒரு ஆண் மீன்! என் மேஜைக்கு வந்திருந்தால் கண்டன்சரை மாற்றி அதை ஒழித்திருப்பேன்.) பகலில் பொந்தில் இருக்கும் ஆண், இனப்பெருக்கக் காலத்து இரவில் ஒரு பெண் பக்கமாகக் கடந்து போனால், அதுவரை நேர்க்கோடாக இழுத்துக்கொண்டிருந்த ஓசையைச் சட்டென்று ஏற்றும், நிறுத்தும், மறுபடி தொடங்கும். ஹாப்கின்ஸ் தண்ணீரில் கம்பி விட்டு, பெண்ணின் சுருதியில் வெறும் மின் அலையைச் செலுத்தினார். அதற்கும் ஆண் அதே வழிசல். ஆண் சுருதியிலோ, வேறு இன மீனின் சுருதியிலோ செலுத்தினால் கண்டுகொள்ளவில்லை.

எல்லா இனத்திலும் ஆண்தான் கீழே என்று நினைத்துவிடக் கூடாது. என் மீனின் பங்காளியான பிரவுன் கோஸ்டில் ஆணுக்குத்தான் உச்சம். பிளாக் கோஸ்டில் தலைகீழ், பெண்ணின் சுருதி மேலே. இரண்டும் ஒரே குடும்பம்!

அப்புறம் இரண்டு மீன் சந்தித்தால் நடக்கும் விஷயம். ஒரே மேடையில் இரண்டு தம்பூரா துளி சுருதி பிசகி இருந்தால் 'வ்வாவ் வ்வாவ்' என்று ஒரு அலை எழும்புமே, அதை எந்தச் சபாவின் கடைசி வரிசையிலும் கேட்கலாம். மீன்களுக்கும் அதேதான். 970-ம் 980-ம் பக்கத்தில் வந்தால் நொடிக்குப் பத்து அலை. அந்த அலையை வைத்துத்தான் எதிரில் இருப்பது ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் என்று மீன் கணக்குப் போடுகிறது. ஆனால் சுருதிகள் ரொம்ப நெருங்கிவிட்டால் இரண்டுக்கும் பார்வை மங்கிவிடும், டார்ச்சில் டார்ச் அடித்த மாதிரி. ஐகன்மேனியா என்ற மீன் இதற்கு அழகான தீர்வு வைத்திருக்கிறது: மேலே இருப்பது இன்னும் கொஞ்சம் மேலே போகும், கீழே இருப்பது கீழே இறங்கும். 1963-இல் ஜப்பானின் வாடனபேயும் தகேதாவும் இதைக் கண்டார்கள். நம் மைக் செட்காரர்கள் இரண்டு பேர் ஒரே தெருவில் மாட்டிக்கொண்டால் இப்படி ஒதுங்குவார்களா என்று யோசித்துப் பார்த்தேன். யோசனையை அப்படியே விட்டுவிட்டேன்.

இதே ஐகன்மேனியாவின் காதல்தான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. ஆண் இரவில் மணிக்கணக்காகப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று கீச்சுக் கீச்சென்று ஓசையை வெட்டி வெட்டி விடும். ஆங்கிலத்தில் சிர்ப் என்கிறார்கள். நாம் கீச்சு என்போம். 1985-இல் மேரி ஹேகடோர்னும் வால்டர் ஹைலிகன்பெர்க்கும் எழுதிய கட்டுரையில் வருகிறது: முட்டை நிறைந்த ஒரு பெண் மீனுக்கு, ஆண் விடுகிற கீச்சுகளை மின்முனை வழியாகத் தண்ணீரில் விட்டார்கள். பக்கத்தில் ஆண் இல்லை. கம்பிதான் இருக்கிறது. அந்தப் பெண் முட்டையிட்டுவிட்டது.

இதைப் படித்ததும் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழையா ஞாபகம் வந்தார். அகப்பொருள் இலக்கணத்தில் அல்லகுறிப்படுதல் என்று ஒன்று உண்டு. இரவுக்குறியில், அதாவது இரவில் சந்திக்கக் குறித்த இடத்தில், தலைவன் தான் வந்திருப்பதைத் தெரிவிக்க நீரில் கல்லெறிவான், புள்ளை எழுப்புவான். அந்த ஓசை கேட்டுத் தலைவி ஊர் தூங்கும் நேரத்தில் வெளியே வருவாள். ஆனால் அன்று விழுந்தது கல் அல்ல, காற்றில் உதிர்ந்த புன்னங்காய். ஆள் இல்லை. குறி பொய்த்தது. ஐயா இதை நடத்தியபோது பின் பெஞ்சில் நாங்கள் சிரித்தோம். அந்தத் தலைவி குறியிடத்தில் தனியாக நின்ற கோலம், நாற்பது வயதில், ஒரு மீனைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளாவது வெறுங்கையோடு திரும்பிவிட்டாள்.

தொட்டியில் செய்தது சரி, ஆற்றில் எப்படி? 2018-இல் ஒரு ஜெர்மன் குழு, பனாமாவின் டாரியன் காட்டு ஓடை ஒன்றில் மின்முனைகளை வரிசையாகப் பதித்துக் கேட்டதை வெளியிட்டது. அங்கே பிரவுன் கோஸ்டின் உறவான மீன்கள் இரவில் ஜோடி சேர்கின்றன. ஆண் சரமாரியாகச் சின்னக் கீச்சு விடும். பெண் நடுநடுவே நீளமாக ஒன்று விடும். தவிலும் நாயனமும் சேர்ந்து தீர்மானம் வைக்கிற மாதிரி அவை பொருந்துகின்றன. இன்னொரு ஆண் தூரத்தில் வந்தால், பக்கத்தில் பெண்ணின் பலமான ஓசை நிறைந்திருக்கும்போதே, வருகிறவனின் மெலிந்த ஓசையைப் பிடித்து, ஆண் கிளம்பிப் போய்த் துரத்திவிட்டுத் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பத்து மைக்கை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பதினோராவது மைக்கில் யாரோ இருமுவதைக் கேட்பது போல. என்னால் முடியாது.

இதில் இன்னொரு கட்சியும் உண்டு. இந்தக் கீச்சு பேச்சே அல்ல, எதிரில் இருப்பவனை இருட்டில் துல்லியமாகக் கண்டுபிடிக்கிற உபாயம்தான் என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று தோன்றுகிறது. கூட்டத்தில் "எங்கே இருக்கே?" என்று போனில் கேட்பது தேடலா, பேச்சா?

காதல் என்றால் அலர், அதாவது ஊர்ப்பேச்சு, இல்லாமல் போகுமா? ஜாம்பெசி ஆற்றின் மேல்பகுதியில், யானைமூக்கு மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்த மார்குசேனியஸ் இருக்கிறது. அது தொடர் ஓசை இல்லை, டிக் டிக்கென்று தனித்தனித் துடிப்பு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் துடிப்பு பெண்ணுடையதைப் போலப் பத்து மடங்குவரை நீண்டுவிடும். பெண்ணுக்காக நீட்டியது. ஆனால் நீண்ட துடிப்பைக் கேட்கக் கூடிய காது இன்னொருவருக்கும் உண்டு: கெளுத்தி. இந்தக் கெளுத்தியால் மின்சாரம் செய்ய முடியாது, மெதுவான மின் மாற்றத்தை உணர மட்டும் முடியும். பெண்ணின் குட்டைத் துடிப்பு கெளுத்தியின் காதில் அநேகமாக விழாது, ஆணுடையது விழுந்துவிடும். ஒகவாங்கோ சதுப்புநிலத்தில் இந்தக் கெளுத்திகள் கூட்டமாகக் கிளம்பி வேட்டையாடுவதைப் பார்த்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மீன்கள்தான் இருந்தன.

அந்தக் கெளுத்தி யார் தெரியுமா? நம்மூரில் வளர்க்கக் கூடாது என்று தடை போட்டும் குளம் குட்டையிலெல்லாம் புகுந்துவிட்ட அதே ஆப்பிரிக்கக் கெளுத்திதான்.

தென் அமெரிக்காவில் ஒரு சிறு மீன் இதற்கு வழி கண்டது. துடிப்பின் மேல்பாதிக்குப் பின்னால் உடனே ஒரு கீழ்ப்பாதியைச் சேர்த்துவிட்டால் மெதுவான பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கெளுத்திக்குக் கேட்காது. ஹம்மை ஒழிக்க நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன், பேலன்ஸ்டு லைன் என்று பெயர். 1999-இல் ஸ்டாடர்ட் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார். ஆனால் அங்கேயும் இந்த ஆண்கள் திருந்தவில்லை. இரவானால், பெண் கேட்கட்டும் என்று அந்தப் பின்பாதியை மட்டும் நீட்டிக்கொள்கிறார்கள். செலவும் குறைவில்லை: ஆண் ஒரு நாள் சக்தியில் 11 முதல் 22 சதவீதத்தை இந்த மின் சத்தத்துக்கே அழிக்கிறது. பெண்ணுக்கு அது 3 சதவீதம்.

இவ்வளவும் படித்தபின் என் தொட்டியைப் பார்த்தால் சங்கடமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு" என்று வாங்கிவந்த மீன். நொடிக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை, யாருமில்லாத தண்ணீரில்.

ஜோடி சேர்க்கலாம் என்றால் அதற்கு மழை வேண்டும். ஜெர்மனியில் கிர்ஷ்பாம் என்பவர் 1970-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். தொட்டியின் நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மேலிருந்து மழை போலத் தூவி, தண்ணீரின் உப்பைக் குறைத்தால் ஐகன்மேனியாக்கள் முட்டை வைக்கத் தயாராகின்றன. மழைக்காலம் வந்துவிட்டது, ஆறு கரை புரண்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கின்றன. எங்கள் தெரு போர் தண்ணீரின் டிடிஎஸ் 1,400. அந்த உப்பில் மீனின் மின்சாரம் ஷார்ட் ஆகிற மாதிரிதான், ஓசை பாதியாகத் தேய்ந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் கலந்துதான் வளர்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீரைத் தினம் ஒரு குடம் தொட்டியில் ஊற்றினேன். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று, மெழுகுவர்த்தி ஒன்று, ஸ்பீக்கரில் அந்த ஓசை. அந்த நாட்களைப் போலத் தெளிவாக அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

இரண்டாவது மீனைப் போன மாசியில் வாங்கினேன். கடைப்பையன் மறுபடி எச்சரித்தான். தனித்தொட்டிதான் என்று வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன். இரண்டு தொட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் அட்டை. பிறகு ஒரு தொட்டியின் இரண்டு கார்பன் குச்சிகளிலிருந்து அடுத்த தொட்டியின் இரண்டு குச்சிகளுக்கு வயர் இழுத்தேன். ஆய்வுக்கூடங்களில் செய்வதுதான்: கடிக்க முடியாது, பார்க்க முடியாது, கேட்க மட்டும் முடியும். புதிய மீன் 1,010. ஸ்பீக்கரில் இரண்டும் உரசும்போது நொடிக்கு நாற்பது அலை, ஒரு கரகரப்பு.

முதல் நான்கு இரவு ஹம்மில் எதுவும் பிடிபடவில்லை. ஐந்தாம் இரவு பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் அம்மா எழுந்து, விசிறியோடு ஹாலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரகரப்பு கரகரப்பாகவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒன்று சறுக்கியது. ஒரு குட்டிக் கமகம் மாதிரி, ஏறி உடனே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எந்தத் தொட்டியிலிருந்து என்று தெரியவில்லை. மூன்றாவது வந்தபோது அம்மாவின் விசிறி நின்றுவிட்டது.

"என்னடா, சண்டையா, சம்பந்தமா?"

"தெரியலம்மா."

"சரி, சும்மா இரு. இன்னொண்ணு வருதான்னு பார்ப்போம்."

நான்காவது வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெருவில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' நிறைந்தது. அம்மா எழுந்து போய் மெயினை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.